பெயின்ட்டுக்கு அடியில் இருந்த அம்புக்குறிகள்

மச்சான்,

காலையில் உங்கள் தங்கை செல்வி ஒரு டப்பா சிவப்பு பெயின்ட் வாங்கி வந்து ஷெட் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். ஆயுத பூஜை வருகிறதல்லவா. மூடியைத் திருப்புளியால் நெம்பியதும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்குப் புது வீடு, புது கேட் என்று நல்லதாக ஏதாவது ஞாபகம் வரும். எனக்கு வருவது வேறு ஞாபகம். மூடியை அழுத்தி அடைத்துவிட்டு, ஜீப்பின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். செல்வி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த ஜீப்பை நாம் ஏலத்தில் எடுத்தபோது அதில் பாதி துரு, பாதி நம்பிக்கை. வளைகுடாவில் எவன் எவனுடைய வண்டியையோ மணல்மேட்டில் ஏற வைத்த கை உங்களுடையது. ஊருக்குத் திரும்பியதும் சும்மா இருக்குமா? வில் பட்டைகளை மாற்றி வண்டியை உயர்த்தினீர்கள், டிராக்டர் அளவுக்கு டயர் போட்டீர்கள். "ஏறுறதுக்கு ஒரு ஏணியும் செஞ்சு குடுண்ணே" என்று செல்வி கேலி செய்தாள். ஆனால் மீமிசல் கரையின் களிமண்ணில், டிராக்டர் புதைகிற இடத்தில்கூட அது நின்று இழுத்தது. காற்று எச்சரிக்கை வந்தால் படகுகளை மேட்டுக்கு ஏற்ற நம்மைத்தான் கூப்பிடுவார்கள். நான் ஓட்டுவேன். நீங்கள் பக்கவாட்டுப் படியில் தொங்கிக்கொண்டு வண்டி போடும் சத்தத்தைக் கேட்பீர்கள். உங்கள் காது நல்ல காதுதான், வாய்தான் மோசம். உங்களோடு வாதாடி ஜெயித்தவன் ஊரில் யாருமில்லை. தப்பு என்று நீங்கள் ஒப்புக்கொண்டதை அதுவரை யாரும் கேட்டதும் இல்லை.

புயல் வந்த வருஷ ஆயுத பூஜைக்கு நீங்கள் வண்டியைச் சும்மா கழுவவில்லை. உப்பும் துருவும் ஒட்டிய இரும்பைச் சாமி முன்னால் நிறுத்தக்கூடாது என்பது உங்கள் சட்டம். கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான சாஃப்ட்டைக் கழற்றி, நடுவில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டுகளையும் தனித்தனியாகப் பிரித்து, மண்ணெண்ணெயில் தேய்த்து, முழுக்கச் சிவப்பு அடித்தீர்கள். மறுநாள் பூட்டிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்து அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தீர்கள்.

"அங்க வச்சா யாரு மச்சான் குனிஞ்சு பாக்கப் போறா?" என்றேன்.

"சாமி பாக்கும் மாப்ள" என்றீர்கள்.

பூஜை முடிந்த வாரத்தில் சத்தம் தொடங்கியது. முதலில் காலடித் தகட்டில் ஒரு நடுக்கம். பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் அடியிலிருந்து ஓர் உறுமல். கிளட்சை மிதித்தேன், போகவில்லை. நியூட்ரலில் உருட்டினேன், அப்போதும் கூடவே வந்தது. வண்டி மெதுவானால் குறைந்தது. அதனால் இன்ஜின் இல்லை, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஏதோ ஒன்று என்பதுவரை நமக்குள் சண்டை இல்லை. அதற்குமேல் சண்டைதான். பெரிய டயர் போட்டதால் பின்னச்சுக்குள் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது என்றீர்கள் நீங்கள். சாஃப்ட்டின் முனையில் அதை மடங்கிச் சுழல விடும் மூட்டு, அந்தக் கிராஸ் போய்விட்டது என்றேன் நான். பின்னச்சைத் திறந்தோம். ஆயிலில் ஒரு இரும்புத் தூள் கிடையாது, பல் ஒவ்வொன்றும் புதுசாக இருந்தது. அன்று முழுக்க நீங்கள் ஷெட் பக்கமே வரவில்லை.

அறந்தாங்கியிலிருந்து புது கிராஸ் வாங்கி வந்து போட்டோம். சத்தம் கொஞ்சம் அடங்கியது, நானும் கொஞ்சம் ஆடினேன். சில நாளில் உறுமல் திரும்ப வந்தது. கூடவே, கிளட்சை விடும்போது 'டக்' என்று ஒரு அடி. அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே செல்வி கேட்டாள்: "பூசைக்கு முன்னாடி இந்தச் சத்தம் இருந்துச்சாண்ணே?"

"சாமி கும்புட்டதால சத்தம் வந்துச்சுங்கிறியா?" என்று நீங்கள் சீறியதும் அவள் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த ஒரு மாதத்தில் வண்டியைப் பற்றி யாரும் கேட்ட கேள்விகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.

தீபாவளி முடிந்து புயல் எச்சரிக்கை வந்தது. கூப்பிட்டார்கள், போனோம். சத்தத்தோடுதான் போனோம். காலையிலிருந்து ஒவ்வொரு படகாக ஏற்றினோம். ஒவ்வொன்றுக்கும் அந்த 'டக்' கொஞ்சம் பெரிதானது. நீங்கள் படியில் தொங்கிக்கொண்டு பேசாமல் வந்தீர்கள். நீங்கள் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயம். மழை பக்கவாட்டில் அடிக்கத் தொடங்கியபோது மிச்சம் இருந்தது பஞ்சவர்ணத்தின் படகு. புருஷன் இல்லாத வீடு. தம்பி ராசுவை வைத்துத் தொழில் செய்துகொண்டிருந்தார். அந்தப் படகு போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும்.

கயிற்றைக் கட்டி இழுத்தேன். படகு சரிவில் பாதி ஏறிவிட்டது. பின்னால் ராசுவும் மற்றவர்களும் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்போது அடியில் 'டக்' நின்று, 'கடகட' என்று அரைக்கத் தொடங்கியது.

"மாப்ள, நிறுத்து" என்றீர்கள். "கைபிரேக்கப் போடு. சக்கரத்துக்குக் கல்லு வைங்க. ஏய், படகுக்குப் பின்னாடி யாரும் நிக்காதீக, எல்லாரும் இங்கிட்டு வாங்க."

பஞ்சவர்ணம் முந்தானையைத் தலையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "இன்னுங் கொஞ்சந்தாண்ணே. ஒரே இழுவையா இழுத்துருங்க. தண்ணி ஏறுதுண்ணே."

"சாப்ட்டு ஒடைஞ்சா வண்டியும் படகும் சேந்து ஆளுக மேல எறங்கும்மா."

யாரோ ஒருவர் உங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். நீங்கள் காதில் வாங்காமல் சேற்றில் படுத்து அடியில் நுழைந்தீர்கள். நானும் நுழைந்தேன். சாஃப்ட்டைக் கழற்றினோம். ஒரு மாதம்கூட ஆகாத கிராஸ் துருச் செம்பொடியாகக் கொட்டியது. புதுக் கிராஸ் இப்படி ஆக வேண்டுமென்றால் வேறு ஏதோ அதைத் தின்றிருக்க வேண்டும். நீங்கள் கத்தி கேட்டீர்கள். சாஃப்ட்டின் நடுவில், இரண்டு துண்டும் சேரும் இடத்தில், சிவப்பு பெயின்ட்டைச் சுரண்டினீர்கள். ஒரு துண்டில் ஓர் அம்புக்குறி தெரிந்தது. இன்னொரு துண்டில் தேடிச் சுரண்டினீர்கள். இரண்டு அம்பும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். இரண்டாவது அம்பு எங்கோ பக்கவாட்டில் இருந்தது.

வண்டியை உயர்த்திய பிறகு சாஃப்ட் சரிவாக நிற்கிறது. நேராக இருந்தாலே அந்த அம்புகள் சேர வேண்டும், சரிவாக நின்றால் கேட்கவே வேண்டாம். மாறிப் பூட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் உதறும், உதறி உதறிக் கிராஸைத் தின்னும். இது உங்களுக்குத் தெரியாத பாடமா? பெயின்ட் காய்ந்த பிறகு குறியைத் தேடாமல் பூட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். முகத்தில் மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உங்கள் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அம்புகளைச் சேர்ப்பது சின்ன வேலைதான். ஆனால் மாற்றுக் கிராஸ் இல்லை, அறந்தாங்கிக் கடைகள் எல்லாம் பூட்டியாகிவிட்டது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிதானே என்று, சாஃப்ட் இல்லாமல் முன்சக்கரத்தை மட்டும் வைத்து இழுத்துப் பார்த்தோம். அது குழி பறித்ததே தவிர ஏறவில்லை. கடைசியில் படகை இருந்த இடத்திலேயே ஒரு கருவேல மரத்தில் கட்டிவிட்டு எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தோம். மறுநாள் பார்த்தபோது கயிறு அறுபடவில்லை, மரமும் நின்றது. படகுதான் அந்த மரத்தில் மோதி மோதி விலா பிளந்து கிடந்தது.

ஊரே புயலைத்தான் சொன்னது. "புயலுக்கு யாரு என்ன பண்றது" என்று பஞ்சவர்ணத்துக்கு ஆறுதல் சொன்னவர்கள் நமக்கும் சொன்னார்கள். நீங்கள் சாப்பிடவில்லை. ஷெட்டில் அந்தச் சாஃப்ட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினீர்கள்.

செல்வி வாசலில் மறித்தாள். "யாருக்கும் தெரியாதுல்லண்ணே. ஏன் போயி வம்ப வெலைக்கு வாங்குற?"

"எனக்குத் தெரியுதுல்ல" என்றீர்கள்.

நான் பின்னால் வந்தேன். பஞ்சவர்ணம் வாசலில் உட்கார்ந்து, சேற்றில் புதைந்த வலையில் தேறுவதைப் பிரித்துக்கொண்டிருந்தார். ராசு பக்கத்தில் நின்றான். நீங்கள் சாஃப்ட்டை அவர் முன்னால் இறக்கி வைத்து இரண்டு அம்பையும் விரலால் தொட்டுக் காட்டினீர்கள். பூஜைக்குக் கழற்றியது, பெயின்ட் அடித்தது, மாறிப் பூட்டியது, எல்லாவற்றையும் சொன்னீர்கள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"ஒரு மாசமா சத்தம் வந்துச்சா?" என்றார் அவர்.

"வந்துச்சும்மா."

"அத வச்சுக்கிட்டா இழுக்க வந்தீக?"

"ஆமா."

அவர் திட்டினார். உங்களை, என்னை, வண்டியை, நமக்குப் பொண்ணு கொடுத்தவர்களை. நீங்கள் தலையைக் குனியாமல் முழுக்க வாங்கிக்கொண்டீர்கள். திட்டி ஓய்ந்து மூக்கைச் சிந்திவிட்டு அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "நேத்துலருந்து கடலத் திட்டிக்கிட்டு இருக்கேன். இவ்வளவு திட்டிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அதுல எறங்குறதுன்னு இருந்துச்சு. நல்லவேள, வந்து சொன்னீக." பிறகு ராசுவை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். அவன் அந்தப் படகுக்குப் பின்னால் எந்த இடத்தில் நின்றான் என்பது அவருக்கும் தெரியும். "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த எச்சரிக்கைக்கு முதல் போன் அவரிடமிருந்துதான் வந்தது. பழைய படகை ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். "வண்டில சத்தம் இருக்கா?" என்று கேட்டார், அவ்வளவுதான். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான். இல்லை என்றால் போனீர்கள். இருக்கிறது என்றால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அன்றைய கூலி போனாலும் ஷெட்டிலேயே கிடந்தீர்கள். எனக்கு அது சும்மா உங்கள் வீம்பு என்றுதான் தோன்றியது. பிறகு ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். திருச்சிக்குக் கொண்டுபோனோம், கீரனூர் தாண்டும் முன்பே முடிந்துவிட்டது.

நேற்று கடல் கொந்தளிப்பு என்று சொன்னார்கள். பஞ்சவர்ணம் என் போனுக்குக் கூப்பிட்டார். உங்கள் இடத்தில் நான் இருக்கிறேன் என்று அவர்தான் முடிவு செய்திருக்கிறார், நான் இல்லை.

"வண்டில சத்தம் இருக்கா?"

இருக்கிறது மச்சான். முன்பக்கம், திருப்பும்போது மட்டும், ஒரு சின்ன முனகல். படியில் தொங்கிக் கேட்க ஆள் இல்லாமல் நானே ஓட்டி நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன், பிடிபடவில்லை. ஒரு படகை இழுக்க அது தாங்கும் என்றுதான் எனக்குப் பட்டது. 'இல்லை' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இன்றைக்கு வர முடியாது என்று சொன்னால் நாளைக்கு யார் கூப்பிடுவார்கள்? மெக்கானிக் செத்ததோடு வண்டியும் செத்தது என்று கரையில் பேசமாட்டார்களா? போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இருக்கு" என்றேன். "எங்கன்னு இன்னும் தெரியல."

"அப்ப டிராக்டரு பாத்துக்கிறேன். நீங்க அதப் பாருங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

நான் போனை வைத்துவிட்டு முன்சக்கரத்துக்கு ஜாக்கி போட்டேன். உங்கள் ஸ்பேனர், உங்கள் ஷெட், உங்கள் வண்டி எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. ஆனால் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு சுமப்பது என்று ஒன்றைச் சொன்னால், அது இந்த 'இருக்கு' என்ற பதில்தான். அதைச் சொல்ல இத்தனை பயமாக இருக்கும் என்று நீங்கள் ஒரு நாளும் எனக்குச் சொல்லவே இல்லையே, மச்சான்.