பங்கு வைக்காத சீர்

பிப்ரவரி 10, திங்கள்

கட்டிலில் முந்திரி படுத்திருக்கிறது. நான் பாயில்.

நேற்றுக் கோயில் மண்டபத்தில் எனக்குப் பூ வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சீர்த்தட்டுகளை அண்ணன் முத்திருளன் ஆட்டோவில் ஏற்றிவந்து என் கட்டிலில் இறக்கிவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டான். முந்திரி, பாதாம், பிஸ்தா, வால்நட், உலர்திராட்சை, பேரீச்சை, அத்திப்பழம். எல்லாம் தட்டுத் தட்டாக, கண்ணாடித்தாள் சுற்றி ரிப்பன் கட்டி. இப்போதெல்லாம் லட்டு, ஜாங்கிரிக்கு மவுசு இல்லையாம்.

கிளம்பும்போது மதினி சொன்னாள்: "நாளைக்கே தெருவுக்குப் பங்கு வச்சிரு இசை. வீட்டுக்கு ஒரு கை, வெத்தலை பாக்கோட. அப்பத்தான் பூ வச்சது நாலு பேருக்குத் தெரியும்."

தலையை ஆட்டினேன். வைக்கப்போவதில்லை.

முந்தி ஒரு தடவை எனக்கு நிச்சயம் ஆனபோது இதே செல்லூரில், இதே தெருவில், அம்மா வீடு வீடாக லட்டுக் கொடுத்தாள். அந்த மாசம் முடிவதற்குள் அந்த மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். அப்புறம் தண்ணீர் பிடிக்கப் போனாலும் கேள்வி, பால் வாங்கப் போனாலும் கேள்வி. "ஏன் பாப்பா நின்னு போச்சு? என்ன கொறையாம்?" அம்மா பால் வாங்கப் போவதையே விட்டாள். சாகிற வரைக்கும் பால் விடாத கட்டங்காப்பிதான்.

இந்தத் தடவை தாலி ஏறட்டும், அப்புறம் தெரியட்டும். ஆவணியில் கல்யாணம்; அதுவரைக்கும் வாயையும் கட்டணும், முந்திரியையும் கட்டணும்.

பிப்ரவரி 14, வெள்ளி

லேப்பில் கூட வேலை பார்க்கிற கனகலட்சுமியிடம் கேட்டேன், அண்ணன் வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. முந்திரிக்குள் காய்ந்த மிளகாயும் கிராம்பும் போட்டுவைத்தால் பூச்சி வராதாம். வால்நட்டை வெளியில் வைக்காதே, நம்ம ஊர் வெயிலுக்கு எண்ணெய் கக்கிக் காறிப்போகும், ஃப்ரீசரில் வை என்றாள். பேரீச்சையில் ஈரக்கை படக்கூடாது.

புது டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது கீழ்வீட்டு அஜ்மல் பீவி அக்கா பிடித்துக்கொண்டார். "என்னம்மா, கடை கிடை வைக்கப் போறியா?"

"இல்லக்கா, டாக்டர் சத்தா சாப்பிடச் சொன்னாரு."

அந்த நல்ல மனுஷி சாயந்தரம் ஒரு டம்ளர் பால் கொடுத்தனுப்பினார். வெட்கமாக இருந்தது. குடித்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

அவர் போனில் பேசினார். உக்கிரபாண்டி. பெயரைக் கேட்டால் அரிவாளோடு வருவார் போல இருக்கும். ஆளுக்குக் குரலே எழும்பவில்லை. காளவாசலில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை. முதல் சம்சாரம் காய்ச்சலில் போனபிறகு அக்கா ஜெயக்கொடி வீட்டில்தான் சாப்பாடு.

"சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"சாப்ட்டேன்."

அப்புறம் ரெண்டு பேரும் மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தபோது கேட்டார்: "தெருவுல எல்லாரும் என்ன சொன்னாங்க?"

"ரொம்ப சந்தோசப்பட்டாங்க" என்றேன். பொய் என் வாயில் எம்புட்டு வேகமாக வருகிறது!

மார்ச் 19, புதன்

ஒரு முந்திரிகூட நான் தின்னவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

நேற்றுப் பகல் முழுக்க கரண்ட் இல்லை. நான் கே.கே. நகர் லேப்பில் ஊரார் ரத்தத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் ஃப்ரீசர் உருகி, மூடி சரியாக இறுகாத டப்பாவுக்குள் தண்ணீர். வால்நட் நமுத்துக் கிடந்தது.

காலையில் கொட்டி மொட்டைமாடியில் காயப்போட்டேன். காக்கைக்குக் காவலாகக் குடையோடு உட்கார்ந்தேன். மத்தியானம் ஒன்றைக் கடித்தால் கசப்பு, பழைய எண்ணெய்ச் சிக்கு. வெயிலில் போட்டிருக்கவே கூடாது. எனக்குப் புத்தி எங்கே போனது? அத்திப்பழத்தைப் பிட்டால் உள்ளே புழு. பாதாமில் பாதி தூள். முந்திரி மட்டும் மிளகாய் வாசனையோடு தப்பித்திருக்கிறது.

கெட்டதையெல்லாம் தாளில் சுற்றி, யாரும் பார்க்காமல் அடுத்த தெருக் குப்பைத்தொட்டியில் போட்டேன். திருட்டுப் பொருள் மாதிரி. எனக்கு வந்த சீர்! நான் ஏன் ஒளியணும்? வீட்டுக்கு வந்து அழுதேன். அழுதது யாருக்கும் தெரியவில்லை, அதற்கும் சேர்த்து அழுதேன்.

மே 4, ஞாயிறு

அண்ணன் போனில் கத்தினான்.

ஜெயக்கொடியின் சொந்தக்காரர் ஒருவர் எங்கள் தெருத் தறிக்கூடத்துக்கு நூல் போட வந்திருக்கிறார். "இசைவாணி வீடு எது, எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு" என்று பெருமையாகக் கேட்டிருக்கிறார். அது யாருக்கு நிச்சயம் ஆச்சு, எங்களுக்குத் தெரியாதே என்று தெருவே சொல்லியிருக்கிறது.

"சீரைப் பங்கு வைக்காம மறைச்சு வச்சிருக்கியாமே? ரெண்டாந்தாரம்னு எங்க தம்பியைச் சொல்லிக்க வெக்கப்படுதாங்குது ஜெயக்கொடியம்மா. இது சரிப்படாது, தட்டைத் திருப்பிக் குடுத்துருங்கங்குது. எதைடி திருப்பிக் குடுக்க? இருக்கா?"

பாதி இருக்கு அண்ணே என்றேன்.

வைத்துவிட்டான்.

மே 5, திங்கள்

லேப் மாடிப்படியில் நின்று நானே அவருக்குப் போன் போட்டேன். லட்டு, அம்மா, பால், கட்டங்காப்பி — எல்லாம் சொன்னேன். மூச்சுவிடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. யாரையோ அதை நிறுத்தச் சொன்னார்.

"நான் வேற நினைச்சேங்க."

"என்ன?"

"எனக்கும் வயசாயிருச்சு, ஏற்கெனவே கட்டினவன். ஒங்களுக்குப் பிடிக்கலை போல, அண்ணன் சொல்லுக்காகத் தலையாட்டிட்டீங்களோன்னு."

பிடிச்சிருக்கு என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து என் பொய் சொல்கிற வாய்க்கு உண்மை வரவில்லை. "அப்படி இல்லைங்க" என்றேன். அக்காவிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

மே 7, புதன்

போன் வரவில்லை.

மே 9, வெள்ளி

லீவு போட்டேன்.

நின்னு போனா போகட்டும். இனிமேல் ஒளிக்க என்னால் ஆகாது. மிச்சத்தையெல்லாம் எடுத்துவைத்துப் பார்த்தால் வீட்டுக்கு ஒரு கை என்று வைக்கத் தெருவுக்குப் பத்தாது. உருண்டை பிடித்தால் பத்தும். பேரீச்சையைக் கொட்டை நீக்கி நெய்யில் குழைய வதக்கினேன். முந்திரி, பாதாம், பிஸ்தாவை வறுத்து இடித்து, திராட்சையோடு அதில் கொட்டினேன். சூடு ஆறினால் பிடிபடாது, சூட்டோடு பிடித்தால் கை வேகிறது.

வாசனைக்கு அஜ்மல் பீவி அக்கா மேலே வந்துவிட்டார். "என்னம்மா விசேசம்?"

"எனக்குக் கல்யாணம் பேசி பூ வச்சாச்சுக்கா. தை மாசமே. இப்ப நடக்குமான்னு தெரியலை."

"அடி கிறுக்கி, இம்புட்டையும் தனியாவா வச்சுக்கிட்டுக் கெடந்த?" பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். "நெய்யத் தொட்டுக்க, சுடாது."

ரெண்டு பேருமாகப் பிடித்தோம், ரெண்டு பேருமாகத் தெருவில் இறங்கினோம். முதல் வீட்டில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நாலாவது வீட்டில் மாப்பிள்ளை பெயர் என்ன என்று கேட்டார்கள். உக்கிரபாண்டி என்றேன். பயமாயிருக்கே என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. நாளைக்கு இவர்களே வந்து ஏன் நின்னு போச்சு என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். தெருவே ஆற்றங்கரையில். போன் என் மடியில்.

மே 18, ஞாயிறு

தலைக்கு எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருந்தேன். தெருமுனையிலிருந்து தறிக்கூடத்து விருமாண்டி அண்ணன் குரல்: "ஏத்தா இசை, ஒங்க மாப்ள வந்துருக்காரு!" எதிர்வீட்டு ஜன்னலிலிருந்தும் அதே சத்தம்.

எந்த மாப்பிள்ளை என்று ஒரு நிமிஷம் எனக்கே புரியவில்லை.

இறங்கி ஓடினால் என் வாசலில் யாரும் இல்லை. அஜ்மல் பீவி அக்கா அவரைத் தன் வீட்டுக்குள் உட்காரவைத்து, ஃபேனை அவர் பக்கம் திருப்பி, கையில் டீயைக் கொடுத்திருந்தார். சுற்றி நாலைந்து பெண்கள். கடை எங்கே, வாடகையா சொந்தமா, கல்யாணம் எந்த மண்டபம்? பாவம், வேர்த்துக்கொட்டியது.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அக்கா இன்னும் முறுக்கிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா போய்ட்டு வான்னுச்சு. வீடு தெரியாதுல்ல, முனையில ஒருத்தர்ட்ட இசைவாணி வீடு எதுன்னு கேட்டேன்."

"ம்."

"உக்கிரபாண்டிதானேன்னு அவரு கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டாரு." டம்ளரைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "என் பேரு எல்லாருக்கும் தெரியுதுங்க."

எண்ணெய் வழிகிற தலையோடு அப்படியே நின்றேன்.