நல்ல மாவு

12-6-1978
கிளிசரின் கொஞ்சம் கூட்டியதும் படலம் விரிசல் விடவில்லை. மரவள்ளி மாவைக் காய்ச்சி ஊற்றிய படலம், கண்ணாடியிலிருந்து வெங்காயத் தோல் போல உரிந்து வந்தது. தீப்புண்ணில் துணிக்கட்டுக்குப் பதில் இதை ஒட்டினால், பிரிக்கும்போது சதையைப் பிய்க்காது. எங்கள் கல்லூரி வேதியியல் துறைத் தலைவர் எட்டிப் பார்த்து, "அப்பளமாம்மா?" என்றார். இந்த ஆளோடு இன்னும் எத்தனை வருடம்!

19-6-1978
ஆறு நாளாக என் கையில் ஒட்டியிருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. நோயாளிக்குப் போட்டுப் பார்க்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா சம்மதித்துவிட்டார். ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் வறுக்கிற அங்கம்மாளுக்கு முழங்கை வரை தீப்புண். அவளுக்குத்தான் முதலில். மாவும் அதே ஆலையுடையது. "நல்ல மாவாக் குடுங்க" என்று மேஸ்திரி கந்தப்பனிடம் படித்துப் படித்துச் சொல்லி வாங்கியது.

23-6-1978
ஒட்டிய பத்தாம் நிமிடம் அலறிவிட்டாள். உரித்தோம். புண் ஓரமெல்லாம் சிவப்பு. டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

குப்பை மாவை என் தலையில் கட்டிவிட்டான் கந்தப்பன். நாளைக்கு இருக்கிறது அவனுக்கு.

24-6-1978
ஆலையில் எல்லோர் முன்னாலும் கத்தினேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "நல்ல மாவுதானுங்க குடுத்தேன். உங்களுக்குன்னு ரெண்டு தடவ ஆசிட் போட்டு வெளுத்தனுங்க."

ஆலையில் நல்ல மாவு என்றால் வெளுத்த மாவாம்.

திரும்பி வந்து மாவுத் தண்ணீரில் நீல லிட்மஸ் தாளை நனைத்தேன். சிவந்தது. பிள்ளைகளுக்கு முதல் வாரம் நடத்துகிற பாடம். நான் ஏன் செய்யவில்லை? வெள்ளை வெளேரென்று இருந்ததே — அதனாலா? சீ.

25-6-1978
மிச்சமிருந்த வெள்ளை மாவைச் சாக்கடையில் கொட்டினேன்.

27-6-1978
அங்கம்மாள் சொல்கிறாள்: "கையில கீறல் இருந்து வெள்ள மாவு பட்டாலே எரியுமுங்க. நாங்க ஊட்டுக்குக் கொண்டு போறது ஆசிட் போடாத தொட்டி மாவுதானுங்க."

ஏன் முன்னமே சொல்லவில்லை என்று சீறினேன்.

"என்னைய எங்கீங்க கேட்டீங்க?"

புண்பட்டவளிடமும் பாய்கிறேன். என்ன ஜென்மம் நான்.

3-7-1978
கந்தப்பன் தொட்டி மாவு கொண்டுவந்து கொடுத்தார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. காப்பி வாங்கிக் கொடுத்தேன். படலம் பழுப்பு. லிட்மஸ் நீலமாகவே இருந்தது. அங்கம்மாள் ஓரத்துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

12-7-1978
படலம் தானாகக் கழன்றது. அடியில் புதுத்தோல். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம், இன்னும் பத்துப் பேருக்குப் போடலாம் என்று ஆலைக்குச் சீட்டு எழுதினார்: "நல்ல மாவு, ஐந்து கிலோ."

அவர் எதிரிலேயே கிழித்துப் போட்டேன். அங்கம்மாளைச் சொல்லச் சொல்லி வேறு சீட்டு எழுதினேன்.