ஒரு தரம் கூப்பிட்டால்

பெப்ரவரி 7, வெள்ளி

விடியக் கடும் பனி. பிறகு நல்ல வெயில். ரத்தோட்டை மலை முழுக்கத் தெரிகிறது. நாளைய நடைக்குத் தோதான நாள்.

பயணிகள் தங்கும் வாடிவீட்டுக் கீப்பர் சொல்லியனுப்பினார். மூன்று பேராம். கொழும்பில் வழக்குப் பேசும் புறக்டர் ஒருவர், அவர் சம்சாரம், சம்சாரத்தோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து டீச்சர். காட்டில் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம், அவ்வளவுதான். துரைமார் வேட்டைக்கு வந்தால் துவக்குத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட வேண்டும். இது எனக்குப் பிடித்த வேலை.

எடுக்க: உப்பு, சவுக்காரம் (அட்டைக்கு). ரொட்டி, சம்பல். தேத்தண்ணிப் போத்தல். கயிறு.

கமலம் கிணற்றடியிலிருந்து கூப்பிட்டாள். மூன்றாவது தரம்தான் ஏன் என்று கேட்டேன். அதற்குள் வாளி அறுந்து கிணற்றுக்குள்.

"மூணு தரம் கூப்புடுறதுக்குள்ள ஆளே செத்துருவா. கட்டுன பொண்டாட்டிக்கும் இந்தச் சட்டமா?"

சட்டம் சட்டம்தான். ஒரு தரமோ இரண்டு தரமோ கூப்பிட்டு நிறுத்துவது முனி. மூன்றாவது அதற்கு வராது. அதற்கு ஏன் என்று கேட்டவன் திரும்ப மாட்டான். காட்டில் திரிகிறவன் வீட்டுக்கென்று தனியாக ஒரு வாய் வைத்துக்கொள்ள முடியுமா?

பெப்ரவரி 9, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. வலது கால் பலகைக்கு நடுவில். விலாவில் கட்டு.

நடந்தது இது. சபூர் நானா தன் வாடகைக் காரைப் பாதை முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு அங்கேயே இருந்தார். அங்கிருந்து ஏலக்காட்டு வழியே ஏற்றம். கயிறு காரிலேயே கிடந்துவிட்டது. காட்டு வாயில், சிங்களவர் காட்டுத் தெய்வத்துக்குச் செய்வதுபோல, ஆளுக்கொரு கொப்பு முறித்து மரத்தில் தொங்கவிடச் சொன்னேன். புறக்டரும் சம்சாரமும் கும்பிட்டுத் தொங்கவிட்டார்கள். யாழ்ப்பாணத்துச் சிவகாமி டீச்சர் தன் கொப்பால் அட்டை தட்டிக்கொண்டு வந்தார்.

மேலே போனதும் என் வழக்கமான ஏற்பாடு. ஆளுக்கொரு மரத்தடி. ஒருவர் கண்ணில் ஒருவர் படக்கூடாது. பேச்சில்லை. காடு தானாகப் பேசும்வரை இருக்க வேண்டும். நேரமானதும் நான் மூன்று தரம் ஹூ கொடுப்பேன், எழுந்து வரலாம்.

"ஒன்னு ரெண்டு சத்தத்தோட நின்னுச்சுன்னா ஏன்னு கேட்டுறாதீங்க. அது நான் இல்ல. கூப்புடுறது வேற ஆளு."

புறக்டர் சம்சாரம் தாலியைப் பிடித்துக்கொண்டார். கதையில் இந்த இடம் வரும்போது எனக்கு எப்போதும் ஒரு குஷி.

"உது விசர்க்கதை," என்றார் டீச்சர். "ஆபத்து எண்டால் ஒரு மனுசன் மூண்டு எண்ணிக்கொண்டோ கத்துவான்?"

"டீச்சரம்மா நல்லாப் பகிடி பண்றீங்க." சிரித்தேன். உள்ளே எரிச்சல்.

அவர்களை உட்கார வைத்துவிட்டு ஓடைப்பக்கம் இறங்கினேன். ஒரு கிளையில் வெள்ளைப் பூ. புறக்டர் சம்சாரத்துக்குக் காட்டலாம் என்று எட்டினேன். பாசி. ஒரே வழுக்கு. கண் திறந்தபோது பள்ளத்தில் கிடந்தேன். கால் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று இங்கே எழுத மாட்டேன்.

ஹூ என்று கத்தினேன். இரண்டாவதுக்கு மூச்சு வரவில்லை.

மேலே மூன்று பேர், கூப்பிடு தூரத்தில். ஒருவரும் அசையவில்லை. எப்படி அசைவார்கள்? அவ்வளவு நன்றாகச் சொல்லி வைத்திருந்தேன், பாவி.

பனிமூட்டம் இறங்கியது. கழுத்தில் அட்டை. உப்பு மேலே பையில்.

இனி வருவதை எழுதாமல் விடலாமா என்று இவ்வளவு நேரம் பார்த்தேன். முடியவில்லை. மேலேயிருந்து ஒரு ஹூ வந்தது. ஒன்றே ஒன்று. டீச்சர் குரல். டீச்சர்தான் என்று எனக்குத் தெரியும். மூச்சும் கொஞ்சம் திரும்பியிருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மற்ற இரண்டுக்காகக் காத்துக் கிடந்தேன். வரவில்லை. காலடிச் சத்தம் கார்ப் பாதைப் பக்கம் இறங்கித் தூரமாகப் போய்விட்டது.

அப்போதுதான் உறைத்தது. ஆட்களைப் பயங்காட்ட நான் வைத்திருக்கும் கதை என்றுதான் நினைத்திருந்தேன். சாகக் கிடக்கும்போது என் வாயையே பொத்தும் என்று நினைக்கவில்லை. மூட்டத்தைவிட எனக்கு என்னைக் கண்டுதான் பயம்.

காட்டில் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதும் என் சட்டம்தான். வெகுநேரம் கழித்து டீச்சர் என் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தார். "முத்தையா! முத்தையா! எங்கை கிடக்கிறீர், முத்தையா!" நிறுத்தவே இல்லை. எண்ண முடியாதபடி கூப்பிட்டார். வாய் தானாகத் திறந்து, "ஏன்?" என்றது.

"ஏனோ? ஏன் எண்டோ கேக்கிறீர்? முதல் கூப்பிடேக்கை வாயிலை என்ன கொழுக்கட்டையே?"

அழுதேன். டீச்சர் கீழே போய்க் கூட்டி வந்த சபூர் நானா கயிற்றைக் கட்டி இறங்கினார். "அல்லாஹ்வே, முத்தையா, சத்தங்கித்தம் போட்டிருக்கப்படாதா?" என்றார்.

பெப்ரவரி 11, செவ்வாய்

வெயில். நாட்டு வைத்தியர் வெதமாத்தயா வந்து எண்ணெய்க் கட்டு மாற்றினார். வீடெல்லாம் நாற்றம். கமலம் தோட்டத்துப் பயற்றங்காயை விற்றுவிட்டாள்.

கீப்பர் பார்க்க வந்தார். ரயிலேறும் முன் புறக்டர் ஸ்டேஷனில் எல்லோரிடமும் சொன்னாராம்: "முனி கூப்பிட்டதை நான் என் காதால கேட்டேன். நானும் இவளும் வாயைத் திறக்கலை. அதனாலதான் தப்பினோம்."

"அது நம்ம முத்தையாதான் ஐயா," என்றாராம் கீப்பர்.

"முத்தையான்னா மூணு தரம்ல கூப்பிடுவான்?"

என் காலில் பலகை கட்டியதைக் கண்ணால் பார்த்த மனிதர்! முனிச் சத்தம் கேட்க அவருடைய சிநேகிதர்களும் வரப் போகிறார்களாம். கீப்பருக்கு ஒரே சந்தோஷம். முனிச் சத்தமாம்! அது நான் செத்துக்கொண்டிருந்த சத்தம்.

டீச்சர் டவுனில் ஒரு விசில் வாங்கிக் கீப்பரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "ஒருக்கா ஊதினாக் காணும், மூண்டு தரம் தேவையில்லை எண்டு சொல்லுங்கோ" என்றாராம். தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 13, வியாழன்

மந்தாரம். கட்டுக்குள் அரிப்பு. அம்மன் கோயில் பக்கம் மேளம்.

கொஞ்சம் முன்பு கமலம் கிணற்றடியிலிருந்து, "இந்தாங்க," என்றாள். பழைய பழக்கத்தில் பல் கிட்டியது. வலிய வாயைத் திறந்து, "ஏன்?" என்றேன். முதல் தரத்துக்கே.

கிணற்றடியில் கப்பி நின்றுவிட்டது. பிறகு ஈரக் கையோடு வந்து வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். முகம் வெளுத்திருந்தது. உள்ளே கால் வைக்கவில்லை.

"யாரு... நீங்கதானா?"

நான்தான் என்றேன். மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.