சனிக்கிழமை மின்நிறுத்தத்துக்கு முன் ஸ்விட்சில் பதியப்பட வேண்டிய மாற்றம்

அனுப்புநர்:
மூன்றாம் எண் கிரேன் ஓட்டுநர், பகல் ஷிஃப்ட்,
கண்டெய்னர் முற்றம்.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
மின்சாரம் மற்றும் தகவல் தொடர்புப் பிரிவு,
துறைமுக நிர்வாக அலுவலகம்.

பொருள்: கிரேன் கேமராப் படங்களைப் பகிரும் மல்டிகாஸ்ட் ப்ராக்ஸி ஸ்விட்சில் செய்யப்பட்ட திருத்தத்தை நிரந்தரமாகப் பதியவும், அதைச் செய்த நெட்வொர்க் டெக்னீஷியனை அதற்காக ஸ்விட்ச் அறைக்குள் அனுமதிக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய நான்கு புகார்கள். நான்குக்கும் வந்த ஒரே பதில்: “பரிசோதிக்கப்பட்டது. குறை ஏதுமில்லை.”

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பத்தொன்பது ஆண்டுகளாகக் கிரேன் ஓட்டுகிறேன். என் கேபின் தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கீழே நிற்பவர்கள் கடுகளவு தெரிவார்கள். கண்டெய்னருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் அந்த அளவுகூடத் தெரிய மாட்டார்கள். அவர்களை எனக்குக் காட்டுவது கொக்கிக்குப் பக்கத்தில் உள்ள கேமராவும் கேபினில் உள்ள திரையும்தான்.

2. சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி காலை 10.40 மணிக்கு, இருபது டன் கண்டெய்னர் ஒன்று தரைக்கு நான்கு மீட்டர் மேலே தொங்கிக்கொண்டிருந்தபோது என் திரை கறுத்துவிட்டது. அதை லாரியில் உட்கார வைக்கக் கீழே நின்றவர் என் தங்கையின் கணவர். வீட்டில் எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் அவர் தலையில் இருபது டன்னை இறக்கும் அளவுக்கு இல்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். காற்றில் வாக்கி-டாக்கி கரகரத்தது. “மச்சான், ஏன் நிறுத்திட்ட? மேல தூங்குறியா?” என்பது மட்டும் காதில் விழுந்தது. அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று சொன்னது விழவில்லை. ஒரு நிமிடம் ஐம்பது நொடி, லீவரைப் பிடித்த கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு படம் தானாக வந்தது. அவர் கண்டெய்னருக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

3. தானாக வந்துவிடுவதுதான் வினை. தங்கள் ஆட்கள் வந்து பார்க்கும்போதெல்லாம் படம் பளிச்சென்று இருக்கும். குறை ஏதுமில்லை என்று அவர்கள் எழுதியது பொய்யில்லை. என் பேச்சுதான் எடுபடவில்லை. ஐந்தாவதாக வந்த பெண் டெக்னீஷியன் மட்டும் எதையும் எழுதவில்லை. லிஃப்ட் பழுதாகிக் கிடந்ததால் லேப்டாப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு 174 படிகள் ஏறி வந்தார். மூன்று நாட்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து, திரை கறுத்த நேரங்களைக் குறித்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவர் கேட்டது ஒரே கேள்வி: “அண்ணே, பாதுகாப்பு அதிகாரி எத்தனை மணிக்கு டீ குடிக்கப் போவாரு?”

4. பாதுகாப்பு அதிகாரியும் தம் அறைத் திரையில் இதே கேமராப் படத்தைத்தான் பார்க்கிறார். அவர் விதி பிசகாதவர். இருக்கையை விட்டு எழுந்தால் திரையை மூடிவிட்டுத்தான் போவார். அவர் அறையும் என் கேபினும் கிரேனின் அடியில் ஒரே கேபிளில் சேர்ந்து ஸ்விட்சுக்குப் போகின்றன. ஒருவர் விலகினால் அந்தக் கேபிளுக்குப் படத்தை உடனே நிறுத்திவிடும்படி ஸ்விட்சில் அமைத்திருந்தார்கள். ஒரு கேபிளுக்கு ஒரு திரை என்றால் அது நல்ல அமைப்பாம். எங்கள் கேபிளில் இரண்டு திரைகள். டெக்னீஷியன் சொன்னதை அப்படியே தருகிறேன்: “கேமரா சரியா இருக்கு, கேபிள் சரியா இருக்கு, உங்க கண்ணும் சரியாத்தான் இருக்கு அண்ணே. ஒருத்தர் வெளிய கிளம்பினா வீட்ல யாருமே இல்லன்னு இந்த ஸ்விட்ச் முடிவு பண்ணிடுது.”

5. அவர் என்னை ஸ்விட்ச் அறைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். இதையெல்லாம் புகார் மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை ஐயா. எழுதாமலும் இருக்க முடியவில்லை. கேமராக்கள் ஒரு பக்கம், எங்கள் ஏழு திரைகள் மறுபக்கம், நடுவில் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு தகரப் பெட்டி. அதுதான் அந்த ஸ்விட்ச். ஏழு பேருக்கும் பதிலாக அது கேமராப் பக்கம் ஒரே ஒரு முறை கேட்கிறது. ஒரே ஒரு படம் வருகிறது. கேட்ட கேபிள்களுக்கு மட்டும் அதைப் பிரதி எடுத்துக் கொடுக்கிறது. கேட்காத கேபிளுக்கு ஒரு துளியும் போவதில்லை. ஏழு பேர் பார்ப்பது அந்தக் கேமராவுக்குத் தெரியவே தெரியாது! அதோடு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாக் கேபிள்களையும் பார்த்து, இன்னும் யாராவது பார்க்கிறீர்களா என்று விசாரிக்கிறது. என் கேபினிலிருந்து ஆமாம் என்று பதில் போகிறது. அன்று படம் தானாகத் திரும்பி வந்தது அந்த விசாரிப்பினால்தான். நான் தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பதாக நினைத்த கேபினுக்கு நாள் முழுவதும் இப்படி ஒரு கேள்வி வந்துகொண்டே இருந்திருக்கிறது. கட்டிய மனைவிகூட என்னை அத்தனை முறை விசாரித்ததில்லை. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கப்பலிலிருந்து மலை மலையாக இறக்குகிறவன் என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு. அந்தப் பெட்டியின் முன்னால் அது இறங்கிவிட்டது.

6. அவர் அந்த ஓர் அமைப்பை மட்டும் நீக்கினார். இப்போது ஒருவர் விலகினால், அதே கேபிளில் வேறு யாராவது இருக்கிறீர்களா என்று ஸ்விட்ச் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்கிறது. பாதுகாப்பு அதிகாரியை எட்டு முறை திரையை மூடித் திறக்கச் சொன்னோம். முகம் சுளிக்காமல் செய்தார். என் படம் ஒரு முறைகூட இமைக்கவில்லை. அதன்பின் ஒன்பது நாட்கள் அப்படியே ஓடியது.

7. பத்தாம் நாள், எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் மாற்றம் செய்தார் என்று அவரைப் பொருள் கிடங்குக்கு மாற்றி, கடவுச்சொல்லையும் முடக்கிவிட்டார்கள். விதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மாற்றம் இன்னும் நிரந்தரமாகப் பதியப்படவில்லை. இரண்டு வாரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே பதிவது அவர் வழக்கம். இடையில் கோளாறு தெரிந்தால் ஸ்விட்சை அணைத்துப் போட்டாலே பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்ற முன்ஜாக்கிரதை அது. கிடங்குக்குப் போய் அவரைப் பார்த்தேன். “நான் மாத்துனது அதோட ஞாபகத்துல மட்டும்தான் இருக்கு அண்ணே. கரண்ட் போச்சுன்னா பழசுதான் திரும்பி வரும்” என்றார்.

8. வரும் சனிக்கிழமை காலை 6 முதல் 10 மணி வரை மின்சாரம் நிறுத்தப்படும் என்றும், ஸ்விட்ச் அறையின் பேட்டரிகளும் அப்போது மாற்றப்படும் என்றும் தங்கள் பிரிவு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. தங்கள் ஊழியர்கள் இருவரிடம் சொல்லிப் பார்த்தேன். ஆவணத்தில் இல்லாத மாற்றத்தில் கைவைக்க மாட்டோம் என்றார்கள்.

9. ஆகவே, வெள்ளிக்கிழமை மாலைக்குள் அந்த டெக்னீஷியனைத் தங்கள் முன்னிலையில் ஸ்விட்ச் அறைக்குள் அனுமதித்து, முடக்கிய கடவுச்சொல்லையும் திறந்துவிட்டு, திருத்தத்தைப் பதியச் செய்யும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்து நொடி வேலை. அனுமதிக் கடிதம் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் நான் எழுதித் தருகிறேன். தாங்களும் அந்த அறையில் இரண்டு நிமிடம் நின்று, அந்தப் பெட்டி விசாரிப்பதைப் பார்த்துவிட்டு, பிறகு அவரைக் கிடங்கில் வைத்திருப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

10. பதியப்படாவிட்டால் சனிக்கிழமை நான் படியேற மாட்டேன். இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் வேலையை மறுத்ததில்லை. ஒழுங்கு நடவடிக்கை எடுத்தால் தங்களிடம் வந்து பதில் சொல்லிக்கொள்கிறேன். என் தங்கையிடம் போய்ச் சொல்ல என்னிடம் எந்தப் பதிலும் இல்லை ஐயா.

தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
மூன்றாம் எண் கிரேன் ஓட்டுநர்

நாள்: வியாழக்கிழமை, காலை 9 மணி
இடம்: கண்டெய்னர் முற்றம்