பிள்ளைப்பூச்சியின் கைகள்

அக்கா,

இன்று பள்ளிக்கூடம் விட்டு ஸ்ரீபெரும்புதூரில் ஷேர் ஆட்டோ ஏறினேன். சீட்டுக்குப் புதிதாக உறை மாட்டியிருந்தார்கள். ரெக்சின் வாசனையும் பசை வாசனையும் கலந்து மூக்கில் ஏறியது. ஷிஃப்ட் முடிந்து நீ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இந்த வாசனைதான் உனக்கு முன்னால் வீட்டுக்குள் வரும். விரலால் தையலைத் தடவிப் பார்த்தேன். ஓரிடத்தில் கோணியிருந்தது. நீயாக இருந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைத்திருப்பாய். அழுகை வரும் என்று பயந்தேன். வந்தது பழைய எரிச்சல். நீ போய் எட்டு மாதம் ஆகியும் அது போகவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நம் வீட்டில் ஆர்ட்டிஸ்ட் என்றால் நான். கல்லூரியில் சிற்பம் படித்து, பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சரானவள். நீ பன்னிரண்டாவது முடித்த கையோடு ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் லைனில் நின்றவள். நம் பென்னலூரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். கல்யாணமாகி நீயும் மாமாவும் மாடியில் குடிவந்த பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை. எனக்கு அது பிடித்துமிருந்தது.

காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே நீ ஸ்டாப்பில் போய் நிற்பாய். இரவெல்லாம் விளக்குக்கு வந்து செத்து விழுந்த பூச்சிகளைப் பொறுக்குவதற்காக. அவற்றை டிபன் பாக்ஸின் மேல் தட்டில் வைத்துக் கொண்டுவருவாய். "சோறு துன்ற பாத்திரத்துல பூச்சிய வெக்கிறியேடி, நீயெல்லாம் ஒரு பொம்பளையா" என்று அம்மா கத்துவாள். ஆட்டோவுக்கு சீட் தைக்கும் கடையில் வெட்டிப் போட்ட துண்டுகளை வாங்கி, கம்பியை வளைத்து, உள்ளே பஞ்சு திணித்து, அந்தப் பூச்சிகளைத் தைத்தாய். கறுப்பு ரெக்சினில் எறும்பு. சாம்பல் துணியில் சிலந்தி. கண்ணுக்கு மிளகு. முதலில் நான் பார்த்துச் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. உன் எறும்பு எதையோ தேடிக்கொண்டு போனது. நான் செய்த மான் ஒரு குடியிருப்பின் பூங்காவில் நிற்கிறது. அது எதையும் தேடவில்லை, நிற்கிறது, அவ்வளவுதான். படித்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். தெரியாமலிருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஒருநாள் உன்னிடம் கேட்டேன், "எனக்கு ஒண்ணு செஞ்சு தரியா?"

"உனக்கு எதுக்குடி? நீ பாத்தா மார்க் போடுவ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் பல நாள் அதை மென்றுகொண்டிருந்தேன்.

பிறகு அந்த மேடம் வந்தார்கள். மண் அள்ளும் எந்திரங்களின் கை நுனியில் மாட்டும் பக்கெட் செய்யும் கம்பெனியை நடத்துபவர். முன்தோட்டத்தில் வைக்க ஒரு சிலை வேண்டுமென்று பள்ளிக்கூடத்தில் என் பெயரைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். களிமண்ணில் செய்து வைத்திருந்த மான், குதிரை, கழுகு எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக வைத்திருந்தேன். "நல்லாருக்கு" என்றார்கள். என் மாணவர்களிடம் நானும் அதே குரலில்தான் அந்த வார்த்தையைச் சொல்வேன். அப்புறம் அவர்கள் பார்வை ஃபிரிட்ஜின் மேல் போனது. அம்மாவுக்காக நீ தைத்துக் கொடுத்த பிள்ளைப்பூச்சி அங்கே இருந்தது. பழுப்பு வெல்வெட் உடம்பு, மண்வெட்டி போல அகன்ற முன்னங்கைகள், பழைய ஜிப்பின் பற்களை வெட்டி வைத்த நகங்கள். மேடம் எழுந்து போய் அதைக் கையில் எடுத்தார்கள்.

"எங்க மெஷினோட கை இதேதாங்க! இது யார் பண்ணது?"

"நான்தான் மேடம்" என்றேன்.

யோசித்துச் சொன்னேனா, யோசிக்காமல் சொன்னேனா என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். அடுக்களை வாசலில் நீ டீ டம்ளர்களோடு நின்றிருந்தாய். மேடம் உன் பக்கம் திரும்பி, "உங்க தங்கச்சிக்குப் பெரிய திறமைங்க" என்றார்கள். நீ டம்ளரை அவர்கள் கையில் கொடுத்தாய்.

"ஆமா மேடம். எங்க வூட்ல அவதான் ஆர்ட்டிஸ்ட்டு."

அவர்கள் போனதும் சண்டை போடுவாய் என்று காத்திருந்தேன். நீ டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாய். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "வந்தவங்க முன்னாடி உன்ன வுட்டுக்குடுக்கல, அவ்ளோதான். செய்யிறத நீயே செய். என்னாண்ட வராத."

நானும் வரவில்லை. வல்லக்கோட்டை போகும் சாலையில் ஒரு வெல்டிங் பட்டறையில் இடம் பிடித்து, எட்டடி நீளத்துக்கு இரும்பில் அந்தப் பூச்சியைக் கட்டினேன். உடம்பு நன்றாக வந்தது, அக்கா. தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி, வயிற்றின் வளையங்கள் மூச்சு விடுவது போலச் செய்திருந்தேன். கைகள்தான் வரவில்லை. நான்கு முறை வெட்டியெடுத்து மறுபடி வைத்தோம். "இன்னாக்கா, கும்பிட்டுகினு கீது?" என்றார் வெல்டர்.

அம்மா உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நீயே பட்டறைக்கு வந்தாய். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

"இன்னாடி இது, சோறு கேக்குதா?"

நான் கையிலிருந்த சாக்பீஸை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"நீ புள்ளப்பூச்சிய பாத்துகிறியா?"

"நிறைய போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்."

"போட்டோ இல்லடி. கையில வெச்சி மூடிகிறியா? மூடிப் பாரு. வெரல ரெண்டு பக்கமும் தள்ளும், அம்மாம் பலம். அது நம்மள மாதிரி தோண்டாது, ஒதுக்கும். கம்பெனி பஸ்ல கூட்டத்துல நான் எறங்க மாட்டேன்? அது மாதிரி."

இரண்டு புறங்கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் ஒட்ட வைத்து, மெதுவாக இரண்டு பக்கமும் தள்ளிக் காட்டினாய். ஊசி குத்திக் காய்த்துப்போன அந்த விரல்கள். வெல்டர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்பீஸை வாங்கித் தரையில் வளைவைப் போட்டாய். கம்பியை நீயே பிடித்துக்கொண்டாய். பொழுது சாயும்போது இரண்டு கைகளும் உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பி, மண்ணைப் பிளந்துகொண்டு வருவது போல நின்றன. இரண்டு மாதமாக வெறும் இரும்பாகக் கிடந்தது ஒரே மதியத்தில் உயிராகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்தில் நின்று உன் கைக்குத் தண்ணீர் ஊற்றினேன். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாய் என்று காத்திருந்தேன். புடவையை உதறிக்கொண்டு, "நாளைக்கு மொத ஷிஃப்ட்" என்று கிளம்பிவிட்டாய்.

சிலையைத் திறந்து வைத்த அன்று என் பெயர் பொறித்த தகடு பளபளவென்று இருந்தது. கூப்பிட்டேன், நீ வரவில்லை. ஷிஃப்ட் முடிந்தும் ஓ.டி. இருக்கிறது என்றாய். வந்தவர்கள் எல்லோரும் கைகளின் பக்கமாகத்தான் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். பதினோராம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

உன் லைன் பெண்கள் சீருடையோடு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அழுதார்கள். ஒருத்தி அழுகைக்கு நடுவே பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினாள். அதில் ஒரு வெட்டுக்கிளி. "அக்கா எனக்குன்னு செஞ்சி குடுத்தாங்க. லைன்ல நான்தான் குதிச்சிகினே இருப்பேனாம்." இன்னொருத்தியிடம் நத்தை. இன்னொருத்தியிடம் தட்டான். எனக்குத் தெரிந்தவை வீட்டிலிருந்த ஏழெட்டுதான். ஊருக்கெல்லாம் செய்து கொடுத்திருக்கிறாய். நீ கூடத்தில் படுத்திருக்கிறாய், நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு சாவிக்கொத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். என்னை நீ எந்தப் பூச்சியாகச் செய்திருப்பாய் என்று யோசித்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று மாதம் கழித்து மேடத்தைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகத் தோட்டத்துச் சிலையைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு டீ குடுத்தாங்களே, அவங்களா?"

"ஆமா மேடம்."

"தகட மாத்திடலாம். அவங்க பேர் மட்டும் போடட்டுமா, ரெண்டு பேர் பேரும் போடட்டுமா?"

உன் பெயரை மட்டும் போடச் சொல்லத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தேன். ஆனால் வாயில் வந்தது, "ரெண்டு பேரும்." உன் பெயரை மேலே போடச் சொன்னேன். என்னால் முடிந்த நேர்மை அவ்வளவுதான்.

போன வாரம்தான் புதுத் தகடு வைத்துவிட்டதாகச் சொன்னார்கள், பார்க்கப் போனேன். ஷிஃப்ட் விட்டு வந்த இரண்டு பெண்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு, சிலையின் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இரும்புக் கையைத் தடவினாள்.

"கைய பாரேன். அப்டியே நம்மளத் தள்ளிகினு வர்ற மாதிரி கீதுல்ல?"

"உடம்பு நான் செஞ்சது" என்றேன்.

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "அப்டியாக்கா? சூப்பர்க்கா" என்றாள் ஒருத்தி. பஸ் ஹாரன் அடித்தது. இருவரும் ஓடிவிட்டார்கள்.

நாற்பது வயதில், முன்பின் தெரியாத பிள்ளைகளிடம் போய் மார்க் கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வீடு வந்து சேரும் வரைக்கும் உன் மேல் எரிந்துகொண்டே வந்தேன். யாரிடமாவது சொல்லிவிட்டால் தேவலாம் போல இருந்தது. அம்மாவிடம் சொன்னால் அழுவாள். மாமாவுக்குப் புரியாது. முழுக்கக் கேட்டுவிட்டு, "எரியுதா? நல்லா எரியட்டும்டி" என்று சிரிக்கக்கூடியவள் எனக்கு ஒருத்திதான் இருந்தாள்.