கூரோடைத் தவளைகள்

கூரோடை ஆய்வு நிலையம். 2063 ஜூன் 4, காலை 7:10
நீர் தெளிவு. மரத்தவளைகள் நலம். ஆண் தவளைகள் அருவியோரப் பாறைகளில் அமர்ந்து கத்துகின்றன. தலைப்பிரட்டைகள் வாயால் கல்லைக் கவ்வியபடி வெள்ளத்தில் நிலைத்து நிற்கின்றன. இந்த ஓடையைத் தவிர உலகில் வேறெங்கும் இவை இல்லை. அதனால்தான் மேலே முகாமிட்டுக் காத்திருக்கும் கம்பெனி சுரங்கம் தோண்ட நீதிமன்றம் தடை விதித்திருக்கிறது. நிலையத்தில் நானும் என் கணவர் ஃபெலிக்ஸும் மட்டும்.

ஜூன் 9, காலை 6:30
ஓடை நுரைக்கிறது. தவளைகள் மல்லாந்து மிதக்கின்றன. சுரங்க முகாமிலிருந்து எதையோ கொட்டியிருக்கிறார்கள். ஃபெலிக்ஸ் இடுப்பளவு நீரில் இறங்கி, உயிரோடிருந்தவற்றை வாளியில் அள்ளினார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

ஜூன் 11, பிற்பகல் 3:00
ஃபெலிக்ஸ் போய்விட்டார். தோல் வழியே ஏறிய நஞ்சு. முகாம் மேலாளர் தணிகாசலம் ரேடியோவில் வந்தார்: "வருத்தமா இருக்கு மேடம். ஆனா தவளை இருந்தாத்தான கோர்ட்டு தடை? இனிமே இங்க இருந்து என்ன பண்ணப்போறீங்க? ஜீப் அனுப்புறேன், எறங்கிடுங்க."
இறங்க மாட்டேன்.

ஆகஸ்ட் 20, காலை 9:45
வாளித் தவளைகளின் மரபணுவை மாற்றிவிட்டேன். அந்த நஞ்சு இனி அவற்றைக் கொல்லாது. அவை அதைத் தோலில் சேர்த்து, பெருக்கி, நீரில் கசியவிடும். கொட்டியவர்களே குடிக்கட்டும். ஃபெலிக்ஸ் இருந்தால் தடுத்திருப்பார். அவர் இல்லை.

ஆகஸ்ட் 23, மாலை 6:20
முகாமின் குடிநீர்த் தொட்டியில் அவற்றை விட்டுவிட்டேன். திரும்பி வந்து வயிறாரச் சாப்பிட்டேன். வெகுநாளைக்குப் பிறகு.

ஆகஸ்ட் 25, காலை 8:05
ரேடியோவில் தணிகாசலம் கெஞ்சுவார் என்று காத்திருந்தேன். வந்தது பெண் குரல்: "அக்கா, சமையக்கட்டு செண்பகம் பேசுறேன். எல்லாரும் வாந்தியெடுத்து விழுந்து கெடக்காங்க. எனக்கும் தொண்ட அடைக்குது. ஏதாச்சும் மருந்து இருக்குமாக்கா?"
ஃபெலிக்ஸைப் புதைத்த அன்று முகாமிலிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான். எனக்கென்று செய்துவைத்த மாற்று மருந்து ஒரு குப்பி இருக்கிறது. ஓடுகிறேன்.

முகாம். மதியம்
செண்பகம் அடுப்படியில் கிடந்தாள். சில்லிட்டிருந்தாள். தொழிலாளர் எல்லோரும் அப்படியே. தணிகாசலம் மட்டும் அறைக்குள் தாழிட்டுக்கொண்டு உள்ளிருந்து அலறுகிறார்: "கிட்ட வராதீங்க! எனக்கு ஒண்ணுமில்ல. நான் டவுன்லேர்ந்து வர்ற பாட்டில் தண்ணிதான் குடிப்பேன்!"

நேரம் பார்க்கவில்லை
மருந்தை மண்ணில் ஊற்றிவிட்டேன். தொட்டியிலிருந்து தவளை ஒன்றைப் பிடித்துவந்தேன். வெறுங்கையால். விரல்கள் மரத்துவிட்டன. தணிகாசலத்தின் அறைக் கதவு அசையவில்லை. மேலே காற்றுத் துளை தெரிகிறது. இந்தத் தவளை எந்தச் சுவரிலும் ஏறும். கத்துகிறார். இன்னும் கொஞ்சம் எக்கினால்