கோட்டுக்குள் புதுத் துணி

என் வீட்டு முதலாளியம்மாவுக்கு,

உன் புருஷன் நலமாக இருந்து எழுதிக்கொள்வது. நீயும் சின்னவளும் நலந்தானே? போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டுச் சுவரெல்லாம் அட்டைதான். நான் தும்மினால் பக்கத்து அறையிலிருந்து பெரியவள், "அப்பா, ஸ்வெட்டர் போட்டீங்களா?" என்கிறாள். நீயோ போனை எடுத்த கையோடு ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், தெருவே கேட்கும். மாப்பிள்ளையின் சிநேகிதர் நாளை ஊருக்குக் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி. கடைசிப் பத்திக்கு முதலில் தாவாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் போகிறேன், வெளியே பனி. கதவுக்குப் போகிறேன், கோட்டு, தொப்பி, கையுறை, பூட்ஸ் என்று மாட்டி முடிப்பதற்குள் வெளியே போகும் ஆசையே போய்விடுகிறது. பண்டிகை சீசனில் நான் சும்மா உட்கார்ந்ததுண்டா? கை நமநமவென்கிறது. அலமாரியிலிருந்த துணியையெல்லாம் எடுத்து நம் துணிக்கடையில் அடுக்குவதுபோல் அளவுவாரியாக மடித்து வைத்தேன். மாப்பிள்ளை ஒரு பனியன் எடுக்க வந்தவர், "மாமா, பில்லை எங்க போடணும்?" என்றார். நல்ல பையன்தான். அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம்.

நீ என்னை விமானம் ஏற்றும்போது சொன்னது நினைவிருக்கிறதா? "கண்ணால பாத்துட்டு வாங்க. பெரியவ இருக்கிற ஊர்லயே சின்னவளுக்கும் வரன் வந்திருக்கு. அக்காவும் தங்கச்சியும் ஒரே ஊர்ல இருந்தா நமக்கு நிம்மதி." மாதக் கடைசியில் பையன் வீட்டார் நிச்சயம் பேச வருகிறார்கள், அதற்குள் நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். கொள்முதலுக்குப் போனால் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்காமல் வாங்காதவன் நான். பெற்ற மகளை மட்டும் இத்தனை வருஷமாகப் போனில் பார்த்தே சரியென்று தலையாட்டியிருக்கிறேன்.

நான் வந்து இறங்கிய நாளிலிருந்து பெரியவள் இந்த ஊரைப் புகழ்ந்துகொண்டே இருந்தாள். குழாயில் எப்போதும் வெந்நீர், பஸ் சொன்ன நேரத்துக்கு வரும், யாரும் யார் விஷயத்திலும் தலையிடமாட்டார்கள். "சின்னவளை அனுப்பிடுங்கப்பா, யோசிக்காதீங்க" என்று காரிலேயே ஆரம்பித்துவிட்டாள். கேட்காமலே ஒருவன் தன் சரக்கைப் புகழ்ந்தால் எனக்குக் கை தானாக மடிப்பைப் பிரிக்கப் போகும். வாயை மூடிக்கொண்டு பார்த்தேன்.

பண்டிகை வேலை நாளில் வந்தது. இங்கே அதற்கு லீவு கிடையாது, அப்படி ஒன்று வந்ததே தெருவுக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்குப் பஸ் பணிமனையில் இரவு ஷிஃப்ட். பெரியவளுக்கு மருந்துக் கிடங்கில் பகல் ஷிஃப்ட். அவர் வந்து படுக்கும்போது அவள் இருக்கமாட்டாள், அவள் திரும்பும்போது அவர் கிளம்பியிருப்பார். அன்று காலை, "நீங்களும் வாங்கப்பா" என்று பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனாள். எதற்கு என்று புரியவில்லை. முழங்கால் வரை பனி, மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய குளிர். எதிர்ப்பக்கம் ஒரு பஸ் நின்றது. மாப்பிள்ளை இறங்கி ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார்.

அங்கேதான் அவர்களுக்குப் பண்டிகை. பெரியவள் கோட்டின் மேல் பொத்தான்களைக் கழற்றி, நான் கொண்டுவந்த மஞ்சள் சுடிதாரை அவருக்குக் காட்டினாள். அவரும் பதிலுக்கு யூனிஃபார்ம் காலரை விலக்கி உள்ளே போட்டிருந்த புதுச் சட்டையைக் காட்டினார். உடனே இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டு பொத்தானைப் போட்டார்கள். நம் ஊரில் அந்த நாளில் வேர்வைக்கு என்று நான் தேடித் தேடி எடுக்கும் மெல்லிசுப் பருத்தி! கோட்டைத் திறந்து காட்டக்கூட முடியாத ஊருக்கு அதை வருஷம் தவறாமல் பார்சல் போட்டிருக்கிறேன், பெரிய வியாபாரி. நீ கொடுத்துவிட்ட பலகாரத்தை டப்பாவிலிருந்து எடுத்தால் கல்லாய் இறுகியிருந்தது. "மாமா, பல் டாக்டருக்குத்தான் இன்னைக்குப் பண்டிகை" என்றார் மாப்பிள்ளை. மூவரும் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு நின்றோம். அது கரைவதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது. கண்ணாடி வழியாகக் கையுறைக் கையை ஆட்டிக்கொண்டே போனாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்ட வாயோடு மாப்பிள்ளை தூங்கிவிட்டார். நான் மறுபடி ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பார்த்தாயே, அந்தப் பண்டிகை வேறு. "கண்ணே பட்டுடும்போல இருக்குடி" என்று உருகினாயே, அப்போது நான் போனுக்கு இந்தப் பக்கம் சோபாவில் இருந்தேன். நகரக்கூடாது என்று உத்தரவு. கடை வாசலில் நிற்கும் பொம்மைக்குச் சேலை கட்டுவோமே, முன்னால் அம்சமாக இருக்கும், முதுகுப் பக்கம் முழுக்க ஊசி குத்தியிருப்போம். அதேதான். ஒரு மூலையில் மட்டும் சிவப்புத் துணி, விளக்குச் சரம், பலகாரத் தட்டு. மற்றப் பக்கமெல்லாம் காயப்போட்ட துணி. பெரியவளுக்கு மேலே பட்டுச்சேலை, கொசுவத்துக்குக் கீழே கம்பளி பேன்ட். விருந்தாளி என்று யாருமில்லை. மாப்பிள்ளைக்கு அன்றும் வேலை. நீ போனை வைத்ததும் கடை கட்டியாயிற்று, விளக்கை அணைத்துச் சரத்தைச் சுருட்டிவிட்டாள்.

அவள் சேலையை மடிக்க, நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டேன், சின்னவளை அனுப்பலாமா என்று. அவள் கரையோடு கரையைச் சேர்த்து நீவினாள். பிறகு குனிந்தபடியே சொன்னாள்: "தெரியலப்பா. அவ நல்லா இருப்பான்னு சொல்றேனா, எனக்கு ஒரு ஆள் வேணும்னு இழுக்கறேனான்னு எனக்கே தெரியல. நான் சொன்னதை வச்சு முடிவு பண்ணாதீங்க." மடித்த சேலையை மறுபடி உதறி, மறுபடி மடித்தாள். அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்றாள். சொல்லிவிட்டேன்.

அதனால் நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடு. தரகரிடம் என் உடம்பைச் சாக்குச் சொல், நான் இருமிக் காட்டவும் தயார். சின்னவளிடம் மறைக்காமல் சொல்: அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள், தனியாகவும் இருக்கிறாள். இரண்டும் உண்மை. பையனைப் பிடித்திருந்தால், அவனுக்காக வரட்டும். அக்காவுக்குத் துணையாக யாரும் அவளை ஏற்றுமதி செய்ய வேண்டாம். துணைக்கு வர வேறு ஆள் இருக்கிறது.

"அந்தக் குளிர்ல என் முட்டி என்னத்துக்காகும்" என்று நீ சொல்வது இங்கேயே கேட்கிறது. நேற்று கடைத்தெருவுக்குப் போய் ஒரு கோட்டு வாங்கினேன். உள்துணி, தையல், பொத்தான் எல்லாம் புரட்டிப் பார்த்தேன். விலையைக் குறைக்கச் சொன்னதற்கு அந்தக் கடைக்காரப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அளவு சரியாக இருக்கும். இத்தனை வருஷத்தில் உன் அளவு எனக்குத் தெரியாதா? வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறேன். பெரியவள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் கையைத் தொட்டுப் பார்க்கிறாள்.

வந்துவிடு. அடுத்த பண்டிகைக்கும் அந்த ஆணியில் அது வெறுமனே தொங்க வேண்டாம்.

குளிரிலும் உன் நினைவாய்,
உன் வீட்டுக்காரன்